உண்மை சொன்னால் சினம் வருவது ஏன்?

புகழுரை பொய் என்று தெரிந்திருந்தும் மனிதனுக்கு இனிக்கின்றது. இடித்துரை மெய் என்று தெரிந்திருந்தும் கசக்கின்றது. நன்மை செய்ய வந்த சொல்லைப் பகைவனாகக் கருதுவது ஏன்?

இதற்கு இலங்கை வேந்தன் இராவணனின் வரலாறே தக்க சான்றாகும். கயிலை மலையைப் பெயர்க்க முயன்று, இறைவனின் திருவிரலால் நெரிபட்டு, சாமகானம் பாடி, அருள்பெற்ற சிவபக்தன் அவன். திருஞானசம்பந்த சுவாமிகள் தமது பதிகங்களில் பெரும்பாலும் எட்டாவது பாடலில் இவ்வரலாற்றைப் போற்றியுள்ளார். திருக்கோணமலைப் பதிகத்திலும் அவ்வாறே பாடியருளினார்.

ஆனால் ஒருமுறை தருக்கு அடங்கிய அதே இராவணன், சீதாபிராட்டியைக் கவர்ந்த விடயத்தில் எவர் சொல்லையும் ஏற்கவில்லை. முதலில் மாரீசன் தடுத்தான். அவனைக் கொல்வேன் என்று மிரட்டினான். பின்னர் தம்பி விபீஷணன் சொன்னான், அவனைத் துரத்தினான். பாட்டன் முறையான மாலியவானும் தம்பி கும்பகர்ணனும் சொன்னார்கள்; அவர்கள் மீதும் சினந்தான். சொன்னவர்கள் யாவரும் அவனது சுற்றத்தவரே. அவன் அழிந்துவிடக் கூடாதே என்று அஞ்சியவர்களே.

விபீஷணன் பேசியது செயலைப் பற்றி. இராவணன் பழித்ததோ சொன்ன ஆளை. சொல்லுக்கு மறுமொழி இல்லாதபோது சொன்னவன் மீது பழி சுமத்துவது உலக வழக்கம். உள்ளம் முன்னரே அறிந்திருந்து மறைத்து வைத்த குறையைப் பிறர் தொடும்போதுதான் சினம் பொங்குகின்றது. ஆறிய வடுவைத் தொட்டால் வலிப்பதில்லை. ஆறாத புண்ணைத் தொட்டால்தான் வலிக்கின்றது.

சைவசித்தாந்தம் இதனை ஆணவமலம் என்று கூறும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இதனை நுட்பமாக விளக்குகின்றார். புற இருள் மற்றைய பொருள்களை மறைத்தாலும், தான் இருள் என்பதையாவது காட்டும். ஆணவ இருளோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துவிடும். ஆகவே தன்னிடம் ஆணவம் உண்டு என்பதை ஒருவன் தானாக அறிவது அரிது. அதனை அறிவிக்கவே பெற்றோர், ஆசிரியர், நண்பர் வாயிலாக உண்மை வருகின்றது.

ஆலயப் பணியிலும் இதனைக் காணலாம். கூட்டத்தில் கணக்குப் பற்றி ஒருவர் கேட்கின்றார். கேள்விக்குரிய பதில் கணக்குப் புத்தகத்தில் இருக்க, கேட்டவரின் குடும்பமும் பழைய பகையும் பேசப்படுகின்றன. அடுத்த திருவிழாவுக்கு இருவரில் ஒருவர் வருவதில்லை. நட்டம் அடைவது ஆலயமும் ஊருமே.

உண்மையைச் சொல்பவருக்கும் கடமை உண்டு. கம்பர் காட்டும் விபீஷணன் தமையனைத் தாயும் தந்தையுமாக மதித்தே பேசினான். திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நண்பன் தவறும்போது இடித்துரைப்பதும் நட்பின் கடன் என்றார். நாலு பேர் முன் வெட்கப்படுத்தச் சொல்லும் உண்மையில் சொல்பவரின் ஆணவமே பேசுகின்றது. திருத்தும் அன்போடு தனியே சொல்வதே அறம்.

சினம் எழும்போது, "சொன்னவர் யார்?" என்று கேளாமல், "சொன்னது மெய்தானா?" என்று ஒருகணம் கேட்பவர் உய்வடைவர். தீபாராதனையின்போது மூலஸ்தானத்தின் திரை விலகுவது போல, அடியார்களின் உள்ளத்துத் திரையும் விலக எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.