நடுவயதில் தொழில் மாற்றமும் வினைக்கொள்கையும்

உடம்பெடுத்த உயிர் உண்டற்கும் உடுத்தற்கும் ஏதேனும் ஒரு தொழிலைப் பற்றி நிற்றல் வேண்டும். இளமையிற் பற்றிய தொழில் பெரும்பாலும் ஆராய்ந்து பற்றியதன்று. தந்தை செய்தது, ஊரிற் கிடைத்தது, பசி காட்டியது என்னும் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். ஆண்டு நாற்பதைக் கடந்தபின், அத்தொழில் தனக்கும் தன் மக்கட்கும் ஆகாதென ஒருவன் உணர்வானாயின், அதனை விட்டு வேறொன்றைப் பற்றுதல் முறையோ? அன்றி, வந்தது வினைவழி வந்ததென அமைந்து கிடத்தலே முறையோ? இவ்வினா வெறும் உலகியல் வினாப்போலத் தோன்றினும், சைவசித்தாந்த நூலுணர்ச்சி உடையார் விடைகூறக் கடமைப்பட்டதேயாம். என்னை? தொழில் மாற்ற விழைவானைத் தடுப்போர் எடுத்துக்கொள்ளுங் கருவி நம் சாத்திரங் கூறும் வினைக்கொள்கையே ஆகலின். ஆகவே இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

பொதுவகையான் ஆராயின் இதன் அருமை புலப்படாது. ஒரு நிலத்தின்கண் வைத்து நோக்குவாம். சென்னையினின்று புதுவைக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம் உள்ளது. ஆந்திர நாட்டினின்று கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இதனளவில் முடிகின்றது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே எனக் கொள்வார் அறிஞர் பலர். சோழர் காலக் கல்வெட்டுக்களையுடைய பூமீசுவரர் திருக்கோயில் இவ்வூரில் விளங்குகின்றது. ஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய அரசிலியும் இரும்பை மாகாளமும் தென்மேற்கே சிறிது தொலைவில் உள்ளன. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரணியம் என்னும் இரண்டனையும் அடுத்து உப்பு மிகுதியாக விளையுமிடம் இதுவே.

உப்பு விளைத்தல் எளிய தொழிலன்று. ஆண்டின் தொடக்கத்திற் பாத்திகளைத் திருத்திச் சேற்றைக் காலால் மிதித்து இறுக்குவர். உவர்நீரைப் பெரிய பாத்திகளிற் பாய்ச்சி வெயிலிற் செறியவிட்டுப் பின்னர்ச் சிறு பாத்திகட்கு மாற்றுவர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் அளவே உப்புக்கள் உள. அந்நீரிற் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாய்ப் போயபின்னரே உண்ணும் உப்புப் படியத் தொடங்கும். படிந்தபின் எஞ்சிய கசப்பு நீரைக் காலமறிந்து வடித்துவிடல் வேண்டும். வெயில் எத்துணைக் கொடிதோ அத்துணை விளைவு. ஆதலின் பிறர் நிழல் தேடும் பொழுதே இவர்க்குத் தொழிற்பொழுது. வெண்ணிறப் பரப்பினின்று எழும் ஒளி கண்ணை வருத்தும். உவர் காலை அரிக்கும். ஐப்பசி முதல் மழை இறங்கினால் தொழில் நின்றுவிடும். 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. பின்னதன் மழையில் உப்பளங்கள் நீரில் மூழ்கின. தமிழ்நாட்டரசு அண்மையாண்டுகளில் மழைமாதங்கட்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வகுத்தது. அது நல்ல செயலே. ஆயினும் வேலையற்ற திங்கள்கள் மூன்றனையும் அத்தொகை நிரப்புமாறு யாண்டையது?

சென்ற கோடையில் யாம் அவ்வூர் சென்றிருந்தபோது, ஆண்டு நாற்பத்தைந்து மதிக்கத்தக்க தொழிலாளர் ஒருவர் எம்மொடு உரையாடினார். கண் மங்கி வருகின்றது; கொத்துவேலை கற்பிக்க உறவினர் ஒருவர் இசைந்துள்ளார்; ஆனால் கற்கும் ஓராண்டிற்கு அரைக்கூலியே கிடைக்கும்; உப்பளத்தில் வாங்கிய முன்பணமும் தீரவில்லை என்றார். ஊரிற் பெரியவர் பலரும் “இந்த வயதில் என்ன புதுத்தொழில்? உன் தலையெழுத்து உப்பு” என்று கூறி அவரை அமர்த்திவிட்டனராம். பின்பு அவர் எம்மை நோக்கி, “ஐயா, தலையெழுத்து, தலையெழுத்து என்கிறார்களே, அதைப் படித்துப் பார்த்தவர் யார்?” என்று வினவினார். நூல் பல கற்றார் அவையிலும் இத்துணைக் கூரிய வினாவை யாம் கேட்டதரிது. அதனையே முதலாக வைத்துத் தடைகளை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதற்றடை வருமாறு: பிராரத்தவினை நுகர்ந்தே கழிதற்பாலது, ஒருவற்கு அமைந்த தொழிலும் அதன் துன்பமும் அவ்வினையின் பயன், அதனை மாற்ற முயல்வது வினையொடு மலைதலாம் என்பது. இது பொருந்தாது. பிராரத்தம் நுகர்ந்தே கழியுமென்பது உண்மை. ஆயின், இன்னது இத்துணைக் காலம் நுகரப்படுமென்பது நுகர்ச்சி வந்துற்றபின்னன்றி நமக்குப் புலனாவதில்லை. உப்பளத்து நுகர்ச்சி அறுபதாம் ஆண்டு வரை உளதோ, நாற்பத்தைந்தோடு முடிந்ததோ, யாரறிவார்? மாற்றவேண்டுமென்னும் எண்ணமும், கற்பிக்க முன்வந்த உறவினரும், அவ்வினையே கூட்டிய வாயில்களாதல் கூடாதோ? மேலும், வினை சடம். அது தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது. இறைவனே அறிந்து கூட்டுவிப்பான் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாகப் பிறனொருவனைச் சுட்டி ‘உன் வினை இதுவே, இதற்குமேல் இல்லை’ என்று அறுதியிடுவான், இறைவன் ஒருவனே அறிவதனைத் தானும் அறிந்தானாகக் கூறுகின்றான். அது வினைக்கொள்கையை வழுவாது பற்றியதாகாது. அதன் தலைமையையே பிழைத்ததாகும்.

வந்து கழிந்ததற்கு ஊழ் என ஆறுதல் கூறலாம். வாராததற்கு ஊழ் எனத் தடை கூறலாகாது. ஊழின் வலியை ஓரதிகாரத்தால் விரித்த திருவள்ளுவனாரே ஆள்வினையுடைமைக்கும் ஓரதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. முயன்றும் தொழில் கைகூடாதாயின், அப்பொழுது அவன் ஊழை நினைந்து உள்ளந் தேறுக; தன்னை இழிந்தோனெனக் கருதற்க. முயலுமுன் ஊழை நினைந்து ஒடுங்குதற்கு நூலிடங் கொடாது.

இரண்டாந் தடை: திருத்தொண்டர் புராணத்துட் குயவரும் வண்ணாரும் பரதவரும் தத்தம் தொழில் விடாதேயன்றோ தொண்டு செய்து வீடு பெற்றனர், தொழில் மாற்றுதல் எதற்கு? என்பது. திருநீலகண்டரும் திருக்குறிப்புத் தொண்டரும் அதிபத்தரும் அங்ஙனஞ் செய்தமை உண்மையே. அதே புராணத்துள் தொழில் மாற்றினாரும் உளர் என்பதை மறத்தலாகாது. பரஞ்சோதியார் பல்லவர் படைத்தலைவர். வாதாபி முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், 642-ஆம் ஆண்டளவில் அழிந்தது. அப்போரில் வென்றவர் அவரே. அவர் சிவனடியார் என்பதை அறிந்த அரசன், அவரைப் படைத்தொழிலினின்று விடுவித்து, நிறைந்த பொருளும் கொடுத்துத் திருத்தொண்டிற்கு அனுப்பினான். அவரே செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர் ஆயினார். திருவொற்றியூர்க் கலியநாயனார் செல்வமிக்க செக்கர். திருவிளக்கிட்டுப் பொருள் தேய்ந்தபின் உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்றார். அதுவும் அற்றபின் பிறர் செக்கிலே கூலிக்கு உழைத்தார். கணம்புல்ல நாயனார் செல்வந் தொலைந்தபின் தில்லையிற் புல்லரிந்து விற்று விளக்கெரித்தார். புல் விலைபோகாத பொழுது அப்புல்லையே விளக்காக எரித்தார்.

இவர் வாழ்க்கையை உற்று நோக்கின் நாம் தேடும் பொருள் வெளிப்படும். கலியரின் தொழில் இருமுறை மாறிற்று, விளக்கு மாறவில்லை. செல்வர் சிறு வணிகராகி, சிறு வணிகர் கூலியாளாகியும், எதன்பொருட்டு உழைத்தாரோ அது நிலைபெற்றது. ஆகவே தொழில் மாற்றத்திற்குப் பொருளுண்டாவது புதுத்தொழிலின் பெருமையாலன்று. மாற்றத்தினூடே மாறாது கொண்டு செல்லப்படுவதொன்றால் என்பது பெறப்படும். மக்களைப் பட்டினியின்றிக் காத்தலும், கண்ணொளியைக் காத்தலும், பிறர்க்குத் தீங்கின்றிப் பொருளீட்டலும் அத்தகைய விளக்குக்களே. உப்பை வெறுத்து ஓடுவான் கொத்துவேலையையும் ஒருநாள் வெறுப்பான். விளக்கைக் கருதி மாறுவானுக்கு அவ்வச்சமில்லை.

அண்மைக் காலத்தினும் இதற்குச் சான்றுண்டு. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடத்தினின்று நீக்கிய நிலையில், தம் முப்பத்தைந்தாம் ஆண்டளவில், மனைவி மக்களையுடைய அவர் அப்பதவியினின்று விலகிப் பல்லாவரம் சென்றார். பதவி போயிற்று, தமிழும் சைவமும் அவரோடு சென்றன. ஜே. எம். நல்லசாமிப்பிள்ளை அவர்களோ மாவட்ட முன்சீப்பாயிருந்துகொண்டே 1895-இற் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஒருவர் தொழிலை விட்டார். மற்றவர் விடாதே செய்தார். இருவரும் கொண்ட விளக்கு ஒன்றே. ஆதலின் மாறுக என்றாதல் மாறற்க என்றாதல் எல்லார்க்கும் ஒருபடித்தாக விதித்தல் ஆகாது. உப்பளத்திலேயே நிற்பாரும் இழிந்தவரல்லர். நீரிலுள்ள உவர்ப்புக் கதிரவன் வெம்மையால் உப்பெனப் பிரிந்து, மீள நீரிற் கூடி ஒன்றாதலை உயிர் சிவத்தொடு கூடுதற்கு உவமையாக்கினார் திருமூலர்.

மூன்றாந் தடை நுண்ணியது. இன்பதுன்பங்களை ஒப்ப நோக்கும் இருவினையொப்பே ஆன்மா அடையத்தக்க நிலையாயின், துன்பத்தொழிலை விட்டு இன்பத்தொழில் நாடுதல் அதற்கு மாறன்றோ? என்பது. கூறுதும். இருவினையொப்பு என்பது தனக்குற்ற பயனில் விருப்பு வெறுப்பின்றி நிற்றல். அது தானே தன்னகத்தே எய்துவது. பிறன் வயிற்றுப் பசியை ஒப்ப நோக்குமாறு அவனுக்கு விதிப்பது அவ்வொப்பு ஆகாது. உண்டவன் உண்ணாதவனுக்கு இருவினையொப்புக் கற்பித்தல் நகைக்கிடமாம். தன் மகவு பட்டினி கிடப்ப, யான் ஒப்ப நோக்குகின்றேன் என்பானும் கடமையை நழுவவிட்டவனே.

இனி எஞ்சிய கடமை நம்முடையது. முன்னர்க் கூறிய தொழிலாளரின் தடை உள்ளத்திலன்று. கற்கும் ஓராண்டின் அரைக்கூலியிலும் தீராத முன்பணத்திலும் உள்ளது. இளைஞன் பட்டினி கிடந்து ஒரு தொழில் கற்கலாம். அவனை நம்பி வாழ்வார் இலர். நடுவயதினனுக்கோ முதியோரும் சிறாரும் உளர். அக்கரை சேருமளவும் குடும்பத்தைத் தாங்குவார் வேண்டும். பரஞ்சோதியார்க்கு அரசன் பொருள் கொடுத்தான். அதனால் அவர் மாற்றம் இடரின்றி நிகழ்ந்தது. கலியர்க்கோ உறவினர் எண்ணெய் கொடுப்பதை நிறுத்தினர். அதனால் அவர் தம் கழுத்தையே அரியத் துணியும் எல்லைக்குச் சென்றார். அவ்வெல்லையில் இறைவன் கைபிடித்தருளினான் என்பதை நாம் உள்ளமுருகிப் படிக்கின்றோம். எண்ணெயை நிறுத்தியவர் யாவரென்பதைக் கருதாதே கடந்துவிடுகின்றோம்.

ஆதீனங்களும் மடங்களும் நிலமும் அறக்கட்டளையும் உடையன. மழைக்காலத் திங்கள்கள் மூன்றிலேனும் உப்பளத்துக் குடும்பங்கட்கு அன்னம்பாலித்தலும், தொழில் கற்கும் ஆண்டில் வட்டியின்றி முன்பணந் தீர்க்க உதவுதலும், திருக்கோயிற் றிருப்பணிகளிற் கட்டடத்தொழில் பயில இடங்கொடுத்தலும் அவற்றுக்கு இயலாதனவல்ல. மண்ணை மட்டமாக இறுக்கவும் நீரின் பதமறியவும் கற்ற கைகள் சுண்ணமும் செங்கலும் கற்க நெடுங்காலம் ஆகா. இவை செய்தபின் வினையைப் பற்றி அவர்க்கு நாம் உரைப்பின் அவ்வுரை செல்லும். செய்யாதே உரைப்பேமாயின், திருவொற்றியூரில் எண்ணெய் நிறுத்திய உறவினரினும் நாம் எவ்வாற்றான் வேறாவேம் என்பதைச் சைவப் பெருமக்கள் சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்.