ஜீப்புக்கு ஒரு பாலாலயம்

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று மேற்கு மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களில் பரம்பரை வாகனம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜீப். விடியுமுன் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏறுவதும், ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்ப இறக்கிக் கொண்டுவருவதும் அதன் பிழைப்பு. ஓட்டியவர் காலமான பிறகு அது தகரக் கொட்டகையில் நிற்கிறது. பட்டறையில் விட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம் என்கிறார் ஒரு பிள்ளை. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார் இன்னொருவர். வெறும் பணக் கணக்காக இருந்தால் ஒரு புரோக்கரே அரைமணியில் தீர்த்துவிடுவார். பேச்சு மாதக்கணக்கில் இழுபடுகிறது என்றால் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது: இறந்தவரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது எது?

அந்தக் கேள்விக்குப் போகுமுன் ஜீப்பையே கொஞ்சம் பார்க்க வேண்டும். 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் அசெம்பிள் செய்யத் தொடங்கிய மஹிந்திரா, பின்னர் சிஜே-3பி என்ற மாடலை நெடுங்காலம் தயாரித்தது. அதன் ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் முந்தையதைவிட உயரம். அதற்கு இடம் கொடுக்கவே பானெட் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மலையேற்றத்தில் அது பெட்ரோலைக் குடித்ததால், பல வண்டிகளில் பிற்பாடு டீசல் என்ஜின் ஏறியது. பிறகு கியர்பாக்ஸ் மாறும், தரைத்தகடு துருப்பிடித்துப் புதுத்தகடு வரும், கூடுதல் ஆள் ஏற்றப் பின்பக்க இருக்கை நீளும். நாற்பது வருடம் ஓடிய ஜீப்பில் கம்பெனி கொடுத்தது என்று சொல்ல மிஞ்சுவது பெரும்பாலும் சேஸிஸும் ஆர்.சி. புத்தகமும்தான். தேனி மாவட்டமாகப் பிரியுமுன் பதிவானது என்றால் நம்பர் பிளேட்கூட மதுரையைச் சொல்லலாம்.

ஆகவே ‘அப்பாவின் ஜீப்’ என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்பது விளையாட்டுக் கேள்வி அன்று. பாலி மொழியின் ‘மிலிந்த பஞ்ஹ’ நூலில் பிக்கு நாகசேனர் மிலிந்த மன்னனிடம் இதையே கேட்கிறார். மன்னன் வந்த தேரில் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, உறுப்புகள் கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர். கிரேக்கத்தில் புளூட்டார்க் எழுதிய தீசியஸின் கப்பலும் பலகை பலகையாக மாறிய பின் அதே கப்பல்தானா என்று தத்துவ அறிஞர்களைப் பிரித்தது. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டியது. 1979க்குப் பின் அதன் தலையில் கான்கிரீட் தொப்பி ஏறியது, உடலுக்குள் எஃகு வடங்கள் இறங்கின, முதுகில் கான்கிரீட் சுவர் சேர்ந்தது. பலப்படுத்திய அணை போதும் என்கிறது தமிழ்நாடு, புது அணைதான் வேண்டும் என்கிறது கேரளம். 142 அடி வரை நீர் தேக்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இத்தனை ஒட்டுக்குப் பிறகும் கூடலூரிலும் கம்பத்திலும் அது பொறியாளர் பென்னிகுக் கட்டிய அணைதான். அந்தத் தண்ணீர் வயலுக்கு வரும்வரை அப்பெயரை யாரும் சந்தேகிப்பதில்லை.

நாகசேனரின் விடை தேரைக் கலைத்துவிடுகிறது. கோயில் மரபு வேறு வழியில் போகிறது, இந்த விஷயத்துக்கு அதுவே கூடுதலாகக் கைகொடுக்கிறது. சிதைந்த கோயிலைச் சீர்செய்வதை ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்கின்றன. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரிடம் உள்ள இறையாற்றலைக் கலாகர்ஷணம் என்ற சடங்கால் கும்பத்துக்கு ஈர்த்து, தற்காலிகச் சன்னதியில் வைத்து வழிபடுவார்கள். அந்நாட்களில் கருவறை கொத்தனாருக்கும் ஸ்தபதிக்கும் உரியது. உளி படலாம், கல் பெயரலாம். வேலை முடிந்ததும் குடமுழுக்கில் ஆற்றல் திரும்புகிறது. இதன் உட்பொருள் துணிச்சலானது. இருப்பு வேறு, அது தங்கும் பொருள் வேறு. இருப்பைப் பத்திரமாக எடுத்து வைத்த பிறகுதான் பொருளில் கை வைக்கலாம். பழுதான சிலையை நீரில் விட்டுப் புதிது வைக்கவும் மரபு இடம் தருகிறது.

அதற்கு ஒரு விலக்கும் உண்டு. தானே தோன்றிய சுயம்புத் திருமேனி தேய்ந்தாலும் அகற்றுவதில்லை. சின்னமனூரை அடுத்த குச்சனூரில் சனீஸ்வரர் சுயம்பு, வளர்ந்துகொண்டே இருப்பவர் என்பது தல நம்பிக்கை. அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தத்தான் மஞ்சள் காப்பு. இரும்பு சனியின் உலோகம், எள்ளெண்ணெய் அவருக்கு உகந்தது. இரும்பும் எண்ணெயுமாக வாழும் டிரைவர்களுக்கு அந்தச் சன்னதி அந்நியமாக இருக்க வழியில்லை. ஆனால் ஜீப்பைச் சுயம்பு என்று யாரும் சொல்ல முடியாது. அது செய்த பொருள். செய்த பொருளைத் திரும்பச் செய்யலாம், கைவிடவும் செய்யலாம். பட்டறையில் ஒரு போல்ட் மாற்றினாலே அப்பாவைத் தொலைத்துவிடுவோம் என்று பதறுகிறவர், ஜீப்பைச் சுயம்புவாக எண்ணிக்கொள்கிறார்.

சட்டம் இந்த இடத்தில் வேடிக்கையான ஒரு நிலை எடுக்கிறது. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸோ பாடியோ என்ஜினோ பெரிதாக மாறாத வண்டி ‘விண்டேஜ்’ ஆகலாம். நம்பரில் விஏ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. பிறகு கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஆய்வுக்கும், எண்ணெய் நிரப்பவும் பழுது பார்க்கவும் மட்டுமே அது சாலைக்கு வரலாம். தோட்டத்துக்கு ஆள் ஏற்ற உழைத்து, உழைப்பின் பொருட்டு என்ஜின் மாற்றிக்கொண்ட ஜீப் இந்தத் தேர்வில் தோற்றுவிடும். வென்றாலும் பரிசு ஓய்வுதான். ஆள் சுமப்பதற்கென்றே பிறந்த வண்டிக்கு அது பாதிக் கௌரவம். அப்படிப் பார்த்தால், பளபளவென்று புதுப்பித்துக் கொட்டகையில் மூடி வைப்பது காப்பாற்றுவதாகாது. வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஒருவரிடம் விற்பதில் அப்பாவின் வாழ்க்கையில் கொஞ்சமாவது தொடர்கிறது. காயலாங்கடையில் எடைக்குப் போடுவது வேறு. அதில் உருவும் தொழிலும் சேர்ந்தே போகின்றன.

விற்பதை நன்றிகெட்ட செயலாகப் பார்க்கும் வழக்கத்துக்குப் பள்ளத்தாக்கின் பழைய சமயங்கள் துணைவருவதில்லை. உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய சமணம், உடைமை சேர்க்காமையை ஐந்து விரதங்களில் ஒன்றாக வைத்தது. குறளின் துறவு அதிகாரமும் நான், எனது என்ற எண்ணங்களைக் களையச் சொல்கிறது. இல்லறத்தாருக்கு இது எட்டாத உயரம் என்றால், அதே உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வாழும் ராவுத்தர் குடும்பங்கள் அறிந்த ஸதகத்துல் ஜாரியா இன்னும் நடைமுறைக்கு நெருக்கமானது. இறந்தவர் விட்டுச்சென்ற தர்மம் பிறருக்குப் பயன்படும் காலமெல்லாம் நன்மை அவருக்குப் போய்ச் சேரும் என்பது அதன் கருத்து. அங்கேயும் அளவுகோல் பயன்பாடு.

முடிவை ஒருவராக எடுக்கவும் முடியாது. இந்து வாரிசுரிமையில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் சமபங்காளிகள். இஸ்லாமிய பாகப்பிரிவினையில் பங்குகளின் அளவு வேறு, பங்காளிகள் பலர் என்பது மாறாது. ஜீப்பை வெட்டிப் பிரிக்க முடியாததால், வைத்துக்கொள்கிறவர் மற்றவர் பங்கைத் தர வேண்டும். கால அவகாசமும் அதிகமில்லை. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். கருமாதி முடிந்து வீடு நிதானத்துக்கு வருமுன்னே முதல் கெடு நெருங்கிவிடுகிறது. பெயர் மாற்றியது வைத்துக்கொள்வதற்கான வாக்கு ஆகாது. விற்பதற்கும் அதுவே முதல் படி.

விலை பேசி முடிந்த பிறகும் சாவியை உடனே நீட்டிவிடாதவர்கள் உண்டு. டேஷ்போர்டில் ஒட்டிய சாமி படத்தைப் பெயர்த்து, கண்ணாடியில் தொங்கும் மாலையைக் கழற்றி, சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, படத்தை வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வாங்கியவர் ஊர் போய் வேறு படம் ஒட்டி, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்.