அறியாமல் சுமந்தவர் குற்றவாளியா?

ஒரு செயல் தீவினையாவது கையாலா, மனத்தாலா? பாலி மொழிப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் வரும் உபாலி சுத்தம் என்னும் உரை இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறது. உடலின் செயலே பெருங்குற்றம் என்பது அங்கே நிகண்டர்களின், அதாவது சமணர்களின், வாதம். மனத்தின் செயலே பெரிது என்கிறார் புத்தர். இந்த வாதத்தைப் பதிவு செய்தவர்கள் பௌத்தர்கள் என்பதை மறக்கக் கூடாது. சமணரின் தத்துவார்த்த சூத்திரமும் மனத்தைத் தள்ளிவிடவில்லை. உயிர்க்கொலையை வரையறுக்கும் இடத்தில் கவனமின்மையைச் சேர்த்தே சொல்கிறது. இஸ்லாத்தில், புகாரியின் ஹதீஸ் தொகுப்பு தொடங்குவதே செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் நபிமொழியோடுதான்.

இந்த மரபுகள் வேரூன்றிய நிலங்களில் கஞ்சாவுக்கான சட்டம் வேறு வழியில் நடக்கிறது. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 15 கிராமுக்கு மேல் வைத்திருந்தாலே அது கடத்தலுக்குத்தான் என்று சட்டம் அனுமானிக்கும். போதைப்பொருள் இருந்த பையோ, அதன் சாவியோ ஒருவரிடம் இருந்தால் பொருளும் அவருடையதே; அது இன்னதென்று அவருக்குத் தெரியும் என்பதும் அனுமானமே. இல்லை என்று நிறுவும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. கடத்தல் பற்றிய அனுமானமும் கட்டாய மரண தண்டனையும் செல்லும் என்று, அன்று சிங்கப்பூரின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1980இல் தீர்ப்பளித்தது.

அரசுகளின் வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. பிடிபடும் ஒவ்வொருவரும் "எனக்குத் தெரியாது" என்றால், மனத்துக்குள் இருந்ததை அரசுத் தரப்பு எப்படி நிரூபிக்கும்? போதையால் சிதையும் குடும்பங்களின் துன்பமும் உண்மை.

ஆனால் அறியாமை இருவகைப்படும். கஞ்சாச் செடியின் இலையிலிருந்து செய்யும் பாங்கு இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் தடைக்குள் வராது. பூக்கொத்தே அங்கு கஞ்சா எனப்படும். காசியில் உரிமம் பெற்ற கடைகளில் பாங்கு விற்கிறார்கள். அதை வாங்கிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிறவர் கையிலிருப்பது என்னவென்று அறிந்தவர்; போகும் ஊரின் சட்டத்தை அறியாதவர். அதைக் கேட்டறிவது பயணியின் கடமை. பழகியவர் கொடுத்த பெட்டியை உள்ளே இருப்பது தெரியாமல் சுமந்தவர் நிலை வேறு. திறந்து பார்க்காதது கவனமின்மைதான். அதைத் திட்டமிட்ட கடத்தலோடு ஒரே தட்டில் நிறுத்துவது அறமாகாது. உயிரை எடுக்கும் தண்டனையில் அது பெருங்கொடுமை.

இந்தியச் சட்டத்திலும் அனுமானம் உண்டு. குற்ற மனம் இருந்ததாகக் கொண்டு, இல்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்கிறது அதன் 35ஆம் பிரிவு. மலேசியாவில்தான் சற்றுத் தெளிவு பிறந்தது. பயணப் பைகளில் போதைப்பொருளோடு பிடிபட்ட வெளிநாட்டவர் தொடர்பான வழக்கில், ஓர் அனுமானத்தின்மேல் இன்னோர் அனுமானத்தை அடுக்க இடம்தந்த பிரிவைக் கூட்டரசு நீதிமன்றம் 2019இல் செல்லாததாக்கியது. மரண தண்டனை கட்டாயம் என்பதும் 2023இல் நீங்கியது. அங்கே 200 கிராம் கஞ்சாவே கடத்தல் எனக் கொள்ளும் அளவு.

சிங்கப்பூரும் 2013 முதல் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. தான் சுமந்துசென்றவர் மட்டுமே என்று நிறுவி, கடத்தலை முறியடிக்கப் பெரிதும் உதவினார் என்ற சான்றிதழை அரசுத் தரப்பிடமிருந்து பெற்றவருக்கு, தூக்குக்குப் பதில் ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடமுண்டு. கடத்தல்காரர்களை நன்கு அறிந்தவருக்கு இது உதவும். எதையும் அறியாதவரிடம் சொல்வதற்கு ஒன்றுமே இராது. அந்தச் சான்றிதழ் அவருக்கு எட்டாது.