போகமாட்டேன் என்ற பிள்ளை

எண்பதுகளில், அந்தியூர்ப் பக்கத்தில் எங்கள் வளவு. விடியக் கருக்கலில் அம்மா கொடிக்கால் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கொடம் போகமாட்டேம்மா" என்று அழுவேன். "ஏங்கண்ணு, வவுறு வலிக்குதா?" என்று ஒரு தரம் கேட்பாள். மறு தரம் கேட்க அவளுக்குப் பொழுதில்லை. அடுத்தது அடிதான். நேரம் கழித்துப் போனால் தோட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூலி போன நாட்களில், அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் அழுதிருக்கிறாள்.

நான் ஏன் மறுத்தேன்? வகுப்பில் எங்கள் வளவுப் பிள்ளைகளை மட்டும் எழுப்பி, கூட்டவும் கழுவவும் அனுப்பினார்கள். இதை வீட்டில் சொல்லவில்லை. ஊர்த் தெருவைக் கூட்டிவிட்டு வருகிற அப்பனிடம், "எனக்கும் சீமாறு குடுத்தாங்க" என்று எந்த வாயால் சொல்வது?

அது அந்தக் காலம் என்று சிலர் சொல்லக்கூடும். 2022இல் இதே ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகள் ஆறு பேரைக் கழிவறை கழுவ வைத்தார்கள் என்று புகார் எழுந்தது. ஒரு பையன் டெங்குக் காய்ச்சலில் படுத்த பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது. தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். காய்ச்சல் வராமலிருந்தால்?

பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றோரின் கடமை என்று 2002இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சரி. வேலை நாளில் கூட்டம் வைத்தால் போகிற தாய்க்கு அன்றைய கூலியை யார் தருவது? பிள்ளையை உட்கார வைத்து "ஏன்?" என்று கேட்பதற்கே எங்களிடத்தில் கூலி இழக்க வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியாது. "அதுகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

அம்மா அடித்தது சரியா? அடித்து அனுப்பியிராவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்காக அந்த அடியை நியாயம் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவள் அடித்து அனுப்பியது படிப்புக்கு மட்டுமல்ல, சீமாறுக்கும்தான். இரண்டையும் ஒரே வாசலில் வைத்தது அவளல்ல. வைத்தவர்களை விட்டுவிட்டு அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த அறம்?

"போகமாட்டேன்" என்று ஒரு பிள்ளை அழுதால் அதைச் சோம்பல் என்று எழுதாதீர்கள். ஒரு புகாராக எழுதிக்கொள்ளுங்கள். படித்து வந்த நாம், பொழுதிருக்கிற நாம், அந்தத் தாய்க்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் போய்க் கேட்கலாமே.