இயற்கை என்னும் தலைப்பு

ஒரு கலைஞனின் படைப்புகளைத் திரட்டி அடுக்கி வைப்பது எழுதுவினைஞர் செய்யும் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆண்டுவாரியாக அடுக்கி, இலக்கமிட்டு, பெயர் எழுதி விட்டால் பணி முடிந்தது என்பது அவர்கள் கருத்து. அவ்வாறாயின் அதிலே அறத்துக்கு என்ன இடம் என்று வினவலாம். ஆனால், எந்தப் படத்தை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று தீர்மானிக்கும் கணத்திலேயே அடுக்குபவன் வரலாற்றாசிரியனாகி விடுகிறான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

யப்பானிய வரைஞர் கசுமாசா நகாய் என்பாரை எடுத்துக்கொள்வோம். 1929இல் ஒசாக்காவிற் பிறந்தவர். ரோக்கியோவிற் சிற்பக்கலை பயிலச் சென்று, படிப்பை முடிக்காமலே திரும்பி, ஒசாக்காவில் ஒரு நூற்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவிற் சேர்ந்தார். 1960இல் நிப்பொன் டிசைன் சென்ரர் என்னும் நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் தொடக்கக்காலக் கலைஞர்களுள் ஒருவரானார். அந்நிலையத்துக்கு முதலிட்டவை ரொயோட்டா, அசாகி மதுபான ஆலை போன்ற பெருங் கம்பனிகள். 1972ஆம் ஆண்டுச் சப்போரோக் குளிர்கால ஒலிம்பிக் விழாவின் சின்னமும் இவருடைய கைவண்ணமே. அக்காலத்தில் இவர் வரைந்தவை பெரும்பாலும் கோடுகளும் வட்டங்களும் ஒளிக்கதிர்களுமான அருவ வடிவங்கள். 1980களின் பிற்பகுதியிலேதான் விலங்குகளும் பறவைகளும் செடிகொடிகளும் இவருடைய சுவரொட்டிகளை நிறைக்கத் தொடங்கின. 'உயிர்' என்று பொருள்படும் தலைப்பில் வந்த அவ்வரிசையிலே ஒவ்வொரு பிராணியும் அகல விழித்த கண்களால் எம்மை நேராகப் பார்க்கிறது. நாம் அதைப் பார்க்கிறோமா, அது எம்மை விசாரணை செய்கிறதா என்ற ஐயம் எழாமற் போகாது.

இந்த இயற்கைச் சுவரொட்டிகளுக்கென்று ஓர் ஆவணக் காப்பகத்தை வடிவமைப்பவர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுதான்: விலங்குகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து வைப்பதா, அல்லது அதே கை கம்பனிகளுக்காக வரைந்தவற்றையும் அருகில் வைப்பதா? பிரித்து வைப்பது அழகாயிருக்கும். பார்ப்பவன் மனமும் குளிரும். ஆயினும் அப்போது அந்த விலங்குகள் வானத்திலிருந்து குதித்தவை போலத் தோன்றும். அவை எந்த நாட்டில், எந்தக் காலத்தின் பின் பிறந்தவை? மினமாட்டாக் குடாவில் ஓர் இரசாயன ஆலை கொட்டிய பாதரசக் கழிவை உண்ட மீனை மனிதர் உண்டு நரம்பு நோயால் முடங்கிய செய்தி 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆலையே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 வரை சென்றது. மனிதருக்கு முன்னரே அவ்வூர்ப் பூனைகள் வலிப்புக் கண்டு துடித்து வீழ்ந்தன. கைத்தொழில் வளர்ச்சியின் உச்சியில் நின்ற அந்த நாட்டில், அவ்வளர்ச்சிக்கு முகவடிவு கொடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரே பின்னாளில் விலங்கின் கண்ணை வரைந்தார். இதைக் கலைஞனின் பாசாங்கு என்று தூற்றுவது மலிவான விமர்சனம். அந்தக் கண்களின் பார்வைக்கு ஆழம் கொடுப்பதே இந்த வரலாறுதான். வரலாற்றை வெட்டி எறிந்தால் கண் இருக்கும். யாரைப் பார்த்து அது விழிக்கிறது என்பது தெரியாமற் போகும்.

எமது மரபில் இவ்வுண்மையைக் கபிலர் நன்கு உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. குறிஞ்சிப்பாட்டில் அவர் தொகுத்த 99 மலர்களின் நிரல் தமிழின் பழம்பெரும் இயற்கை ஆவணம். 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த சாமிநாதையர், அந்நிரலில் விடுபட்டிருந்த பெயர்களுக்காகச் சுவடிகளிடையே பட்ட பாடு பலரும் அறிந்தது. ஆனால் கபிலரின் மலர்கள் தனியே நிற்பவையல்ல. தினைப்புனம் காக்கச் சென்ற பெண்கள் நீராடிப் பறித்துப் பாறையிலே குவித்தவை அவை. பூவோடு பறித்த கையும் பாட்டிலே உண்டு.

அந்நிரலின் தலைப்பூ காந்தள். வன்னியிலே அதற்குக் கார்த்திகைப் பூ என்று பெயர். மாரி மழை விழுந்ததும் வேலியோரங்களிலும் பற்றைக் காடுகளிலும் தீச்சுடர் போலத் தலைநீட்டும். தமிழ்நாட்டில் அது மாநில மலர். இங்கோ, 2003இல் தமிழீழ விடுதலைப் புலிகள் அதைத் தமிழீழத்தின் தேசிய மலராக அறிவித்தனர். போர் 2009 மே மாதத்தில் முடிந்தபின், அந்தப் பூவை வரைவதே சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. நாளை கிளிநொச்சியில் யாரேனும் வன்னியின் சுவரொட்டிகளைத் திரட்டி ஒரு காப்பகம் அமைத்தால், காந்தள் வரைந்த தாளை எங்கே வைப்பார்? தாவரம் என்ற தலைப்பில் வைத்தால் அதற்காக அழுதவர்களை மறைத்தவராவார். அரசியல் என்ற தலைப்பில் மட்டும் வைத்தால், இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பூத்த ஒரு கொடியைச் சில ஆண்டுகளுக்குள் சிறைவைத்தவராவார்.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. சுவரொட்டி சாவதற்கென்றே பிறந்த பொருள். ஒரு கிழமை சுவரில் இருக்கும். மழை கரைக்கும், ஆடு தின்னும். யப்பானில் அதை அருங்காட்சியகங்கள் காப்பாற்றுகின்றன. இங்கு தற்செயலாகவும் யாரோ ஒரு தாயின் பெட்டியடியிலும் தப்பியதே மிச்சம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீக்கிரையாகக் கொடுத்த சமுதாயம், கிடைத்த துண்டுத்தாளையெல்லாம் பேண விரும்புவது இயல்பே. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எண்ணிம வடிவில் ஆற்றிவரும் பணி அவ்வேட்கையின் பயனாகும். ஆனால் பேணப்பட்ட தாள், தந்தவருக்கு எதிரான சாட்சியாகவும் மாறக்கூடும். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தகைய அற்பப் பொருள்களுக்காகவும் மக்கள் விசாரிக்கப்பட்டதை நாம் கண்டுள்ளோம். எனவே தாளை வைத்திருந்தவரின் பெயரையும் ஊரையும் எழுதாமல் விடுவது ஆவணவியலின்படி குறையாயினும், அக்குறையே முறை என்பது என் துணிபு. முழுமை என்னும் பேரால், உயிரோடிருப்பவரை இடரில் தள்ளும் உரிமை எந்தக் காப்பகத்துக்கும் இல்லை. பெயர்களை மூடிய உறையிலிட்டு ஒரு தலைமுறை கழித்துத் திறக்கலாமே என்பார் உளர். உறையைக் காப்பவர் யார் என்று அவர்கள் முதலில் சொல்லட்டும்.

இயற்கை என்னும் சொல்லே எம்மிடத்தில் களங்கமற்றதன்று. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. போர் முடிந்த கரையாகிய நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பாலையும் வீரையும் முதிரையும் இரவோடிரவாக வெட்டிக் கடத்தப்படும் மண்ணில் காட்டைக் காப்பது வேண்டாம் என்று சொல்பவன் மூடன். நந்திக்கடலுக்கு வரும் பறவைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும்தான். ஆயினும் அந்நீரேரியில் வலை வீசிப் பிழைத்தவனும், அதன் கரையிற் பிள்ளையை இழந்தவளும் தேசப்படத்திலே பச்சை நிறத்தின் கீழ் மறைந்து போகிறார்கள். ஒரு சொல்லை மேலே ஒட்டியதனால் நேர்வது இது.

எங்கள் பாடசாலைகளில் ஆண்டுதோறும் யூன் 5ஆம் திகதி சுற்றாடல் தினத்துக்குப் பிள்ளைகள் சுவரொட்டி வரைகின்றனர். இரு மலைகளுக்கிடையே சூரியன், ஓர் ஆறு, புன்னகைக்கும் யானை. மலையையே காணாத வன்னிப் பிள்ளைக்கு அந்த மலை பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. யானையும் அப்படியே. எல்லைக் கிராமத்துப் பிள்ளை அறிந்த யானை புன்னகைப்பதில்லை. அது வாழையை முறிக்கும், நெல்லை மிதிக்கும், இரவெல்லாம் தந்தையைக் காவற் பரணில் இருத்தும். எப்போதாவது ஒரு பிள்ளை ஆற்றையும் சூரியனையும் விட்டுவிட்டு மின்வேலியையும் யானைவெடியின் புகையையும் வரைந்து விடுகிறது. தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று நடுவர்கள் அதைத் தள்ளி வைக்கிறார்கள். தவணை முடிவில் எல்லாத் தாள்களும் குப்பையோடு எரிகின்றன. எவரேனும் காப்பகம் தொடங்குவதாயின் அந்தத் தள்ளிவைத்த தாள்களிலிருந்து தொடங்கட்டும். அவற்றின்மேல் எந்தத் தலைப்பை எழுதுவது என்பதை வரைந்த பிள்ளையையே கேட்கட்டும்.