அசதியும் இனிப்பும்

எங்கள் விம்கோ நகர்ப் பக்கம் இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "வெள்ளைச் சக்கரைய நிறுத்திட்டோம்க்கா, நாட்டுச் சக்கரைதான்." சொல்கிறவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. மளிகைக் கடைகளில் பழுப்புப் பொடிப் பாக்கெட்டுகள் கண்ணில் படும் வரிசைக்கு வந்துவிட்டன. கருப்பட்டிக் காபி என்று பலகை வைத்த கடைகள் சென்னை முழுக்க முளைத்திருக்கின்றன. உடம்பைப் பற்றி மக்கள் யோசிக்கத் தொடங்கியிருப்பது நல்ல விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டம்ளரில் போடும் பொருளின் நிறம் மாறியதே தவிர, கரண்டிக் கணக்கு மாறவில்லை. இத்தனை இனிப்பு நமக்கு எதற்காகத் தேவைப்படுகிறது என்ற கேள்வியை யாரும் எழுப்புவதும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எங்கள் ஊர் பொருத்தமான இடம். பெயரே ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1923-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, இங்கே தீப்பெட்டி செய்தது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட், தெற்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டின் பழைய ஆலை, அதையடுத்து எம்.ஆர்.எஃப். இவற்றைச் சுற்றி லேத்துப் பட்டறைகள், கன்டெய்னர் யார்டுகள், அவற்றுக்கு வந்துபோகும் டிரெய்லர் லாரிகள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஊரின் கடிகாரம் இன்றைக்கும் ஷிப்ட்தான். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் விடியும் முன்பே வெறும் வயிற்றோடு கிளம்புகிறார். நைட் ஷிப்ட் முடித்தவர் மற்றவர்கள் பல் துலக்கும் நேரத்தில் தூங்கப் போகிறார். இருவரும் சந்திக்கும் இடம் டீக்கடை.

அங்கே என்ன கிடைக்கிறது? பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட டீ. தொட்டுக்கொள்ள பொறை, பன், பட்டர் பிஸ்கட். மைதாவும் சர்க்கரையும் வயிற்றுக்குள் போன கால் மணி நேரத்தில் உடம்பு சுறுசுறுப்பாகிறது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் அது வடிந்துவிடுகிறது. மறுபடி அசதி, மறுபடி டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால் எட்டு முதல் பத்து கிராம் சர்க்கரை. நாளுக்கு ஐந்து டீ குடிப்பவர் நாற்பது, ஐம்பது கிராமை டீயிலேயே முடித்துவிடுகிறார். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு. அந்த நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும்கூட இந்தக் கணக்கில்தான் வைத்தது. தேன் இயற்கையானது என்பதற்காக அதற்கு விலக்குக் கொடுக்கவில்லை.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ முழுவதுமே சுக்ரோஸ். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். மீதியில் கொஞ்சம் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், ஈரப்பதம், தாது உப்புகள். ரத்தத்தில் கலக்கும்போது உடம்பு நிறம் பார்ப்பதில்லை. "சுகர் இருக்கிறவங்க கருப்பட்டி சாப்பிடலாம்பா, ஒண்ணும் பண்ணாது" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அது உண்மையல்ல. அந்தப் பேச்சை நம்பி மூன்று வேளையும் கருப்பட்டிக் காபி குடிப்பவருக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கரும்பு வெல்லத்தில் இரும்பு 5 மில்லிகிராமுக்குள்தான். ஒரு ஸ்பூன் வெல்லத்தில் கால் மில்லிகிராம் கிடைத்தால் அதிகம். பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிர்ணயித்தது. வெல்லத்தை நம்பி ரத்தசோகையைத் தீர்க்கப் பார்த்தால் தீர்வதற்குள் வேறு நோய் வந்துவிடும். முருங்கைக்கீரை, கம்பு, பயறு, மீன், முட்டை, இவை செய்யவேண்டிய வேலையை வெல்லத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

வெல்லம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பொன் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும் வெல்லத்தைக் கண்டு மயங்காதீர்கள். அந்த நிறத்துக்காகக் கொப்பரையில் ஹைட்ரோஸ் எனப்படும் வெளுப்பு ரசாயனத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. அழுக்குப் பிடித்ததுபோலக் கருத்த பழுப்பில் இருப்பதே பெரும்பாலும் நல்ல வெல்லம். கருப்பட்டியிலும் வெள்ளைச் சர்க்கரைப் பாகைக் கலக்கும் மோசடி நடக்கிறது, உணவுப் பாதுகாப்புத் துறை அவ்வப்போது பிடிக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டாலே இது புரியும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதற்கு ஒருவர் தினமும் பனை ஏறி இறங்கவேண்டும். பிறகு பெண்கள் அடுப்பு முன் நின்று மணிக்கணக்கில் காய்ச்சவேண்டும். இவ்வளவு உழைப்பும் அடங்கிய பொருள் மலிவாகக் கிடைத்தால் எங்கோ தவறு இருக்கிறது.

இதைச் சொல்வதால் நான் கருப்பட்டிக்கு எதிரி இல்லை. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடான இனிப்பு உலகத்தில் எங்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பனை நம் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் ரேஷன் கடைகளில் பனை வெல்லம் விற்கப்படும் என்று அரசு அறிவித்தபோது பனையேறிகளின் வயிற்றுக்காக மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. சுக்கு, மல்லி தட்டிப் போட்ட கருப்பட்டிக் காபி மழை நாளுக்கு, தொண்டைக்கு, விருந்தாளிக்கு. அந்த இடத்தில் அது இருக்கட்டும். மருந்து என்று பெயர் வைத்துக் கரண்டி கரண்டியாக உண்ணும்போதுதான் கருப்பட்டிக்கும் மரியாதை போகிறது, நமக்கும் கெடுதல் வருகிறது.

அதே பனை தரும் நுங்கும் பனங்கிழங்கும் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகின்றன. கோடையில் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கமிருந்து நுங்கு வண்டிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வரும். பொங்கலையொட்டிக் கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு வரும். வேகவைத்த கிழங்கை நார் உரித்து மென்று தின்ன நேரம் பிடிக்கும். அந்த மெல்லும் நேரமே பாதி மருத்துவம். இனிப்பு அதற்குள் நாரோடும் மாவோடும் சேர்ந்து இருப்பதால் உடம்புக்குள் நிதானமாகத்தான் போகிறது. கொய்யா, சர்க்கரைவள்ளி, பேரீச்சை எல்லாம் இந்த வகைதான். பிள்ளைகளுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் எள்ளுருண்டையோ கடலை மிட்டாயோ கொடுக்கச் சொல்வதும் இதனால்தான். அவற்றிலும் வெல்லம் உண்டு, ஆனால் கடலையோ எள்ளோ அதில் பெரும்பங்கு. வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது.

நார்ச்சத்தின் பெருமையைச் சொல்ல நான் வெளிநாட்டு ஆய்வுகளைத் தேடிப் போகவேண்டியதில்லை. எங்கள் ரயில் பாதையிலேயே சில ஸ்டேஷன் தள்ளி ராயபுரம் இருக்கிறது. டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். நீரிழிவு என்றாலே மாவுச்சத்தை வெட்டு என்று மேற்கத்திய மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சோறு தின்று வளர்ந்த மக்களிடம் அது நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தானியம் இருக்கட்டும், அதோடு பருப்பும் பயறும் கீரையும் காயும் நிறையச் சேரட்டும் என்று மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவுமுறையை அவரும் அவர் குழுவினரும் வகுத்தார்கள். ஏழை நோயாளியின் அடுப்பிலிருந்து தொடங்கிய வைத்தியம் என்பதால்தான் எனக்கு அவர்மேல் இவ்வளவு மதிப்பு. வடசென்னைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளவேண்டிய வரலாறு இது. ராயபுரத்துக்கு வெளியே அதிகம் பேர் அறியாமல் இருப்பது வருத்தம்.

அவர் சொன்னதற்கு மிக அருகில் வரும் சாப்பாடு எங்கள் தெருமுனையில் கூழ் வண்டியில் இருக்கிறது. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கிண்டி, ஆறவைத்து மோர் ஊற்றிக் கரைத்துத் தருவார்கள். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்க் கீற்று, கொத்தவரை வற்றல், வேண்டுமென்றால் வறுத்த நெத்திலிக் கருவாடு. "குடிச்சிட்டுப் போ கண்ணு, மதியம் வரைக்கும் தாங்கும்" என்பார் கூழ் விற்கும் ஆயா. அவர் சொல்வது வியாபாரப் பேச்சு இல்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 11 கிராம் நார்ச்சத்து, 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். மோரிலும் கருவாட்டிலும் புரதம். இனிப்பு ஒரு துளிகூட இல்லாமல் உடம்பு மணிக்கணக்கில் ஓடுகிறது. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் அண்டா அண்டாவாக ஊற்றுவதும் இதே கூழைத்தான். அந்த ஒரு மாதம் பக்தியோடு வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு, ஆவணி பிறந்ததும் பன்னுக்குத் திரும்பிவிடுகிறோம்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. நைசாக அரைத்த கேழ்வரகு மாவை நீர்க்கக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் குடித்தால் அதுவும் வேகமாகத்தான் சர்க்கரையை ஏற்றும். சிறுதானியம் என்ற பெயருக்காக அளவில்லாமல் உண்ணக்கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையாகவோ, பயறு, காய் சேர்த்தோ சாப்பிடுவது மேல். கடைச் சத்துமாவில் சர்க்கரை எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று பொருள்களில் ஒன்றாக இருந்தால் வைத்துவிடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஊறவைத்துக் கழுவிக் கொஞ்சமாகச் சேர்க்கட்டும்.

இதையெல்லாம் யார் செய்வது என்பதுதான் வீட்டில் எழும் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. விடிகாலை ஷிப்டுக்குக் கணவர் போகிறார், ஏழு மணிக்குப் பிள்ளை போகிறது, எட்டு மணிக்கு மனைவியும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஓடவேண்டும் என்றால், களி கிண்டச் சொல்லி அந்தப் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டும் ஆரோக்கியம் எனக்கு வேண்டாம். இரவு ஒரு பிடி பச்சைப் பயறையோ கொண்டைக்கடலையோ ஊறப்போட வீட்டில் உள்ள எவராலும் முடியும். காலையில் குக்கரில் வைக்க ஆண்பிள்ளைக்குக் கை வலிக்காது. வேகவைத்த வேர்க்கடலை, ஒரு முட்டை, இரண்டு வாழைப்பழம், தயிர் ஊற்றிய பழைய சோறு, இவற்றில் எதற்கும் சமையல் கலை தேவையில்லை. வெறும் வயிற்றோடு வாசலைத் தாண்டாமல் இருந்தாலே டீக்கடையில் கேட்கும் டீயின் எண்ணிக்கை குறையும்.

வீட்டுக்குள் மட்டும் முடிகிற காரியமும் இல்லை இது. எண்ணூர்க் கழிமுகத்து இறாலும் நண்டும் இந்தப் பகுதி ஏழைகளின் புரதமாக இருந்தவை. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து கழிமுகம் மேடாகிப்போனது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவியது, குப்பத்து மக்கள் அதைக் கையால் அள்ளினார்கள். கழிமுகத்தைக் காக்காமல் இந்த ஊரில் இயற்கை உணவு பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

உணவை மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு, ராயபுரத்து ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும். நீரிழிவு வரும் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவினருக்குக் கிடைத்த பலனும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த ஆய்வில் இருந்தவர்கள் அலுவலகங்களில் வேலை பார்த்த சாதாரண நடுத்தரக் குடும்பத்தினர். நம்மைப் போன்றவர்கள்.

இந்த மாற்றத்தை வேலை செய்யும் இடத்திலேயே தொடங்கலாம். எனவே என் கோரிக்கை கேன்டீன்களுக்கு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் கட்டாயம் என்று கொண்டுவந்தபோதே, அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தது. சங்கத்துத் தோழர்களே, போனஸுக்குக் குரல் கொடுக்கும் நீங்கள் இதற்கும் கொடுங்கள். டீயைச் சர்க்கரை போடாமல் ஊற்றச் சொல்லுங்கள், சர்க்கரை தனியாக இருக்கட்டும், வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்வார். பிஸ்கட் தட்டின் பக்கத்தில் ஒரு தட்டு சுண்டல் வைக்கச் சொல்லுங்கள். கோடையில் ஒரு பானை கூழ் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கேன்டீன் கமிட்டிக் கூட்டத்திலேயே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.