ஈவோனுக்கும் ஏற்போனுக்கும் நடுவே

கொடுப்பதைப் பிறர் அறியக் கொடுக்கலாமா என்பது பழைய வினா. வலக்கை ஈவதை இடக்கை அறியலாகாது என்பது கிறிஸ்துவின் போதனை. கைம்மாறு கருதாத தானமே சாத்விகம் என்று கீதை வகுக்கும். மறைவான தர்மத்தைக் குர்ஆன் மேலானதாகக் கொள்ளும். எனினும் இலங்கையின் குகைகளில், இன்னார் இக்குகையைச் சங்கத்துக்கு அளித்தார் என்று பிராமி எழுத்தில் பொறித்தே வைத்தார்கள். சோழர் கோயிற் சுவர்களில் நந்தா விளக்குக்கு ஆடு விட்டவன் பெயரும் நிற்கிறது. இலங்கை மலையகத்தில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயில்களின் திருவிழா நோட்டீசிலும் உபயகாரர் பெயர்கள் வரிசையாக இடம்பெறத்தான் செய்கின்றன. இதில் பெரும் பாவம் இருப்பதாக நான் கருதவில்லை. கல்வெட்டு ஈந்தவனைச் சொல்லிற்று, ஈந்த பொருளைச் சொல்லிற்று. ஏற்றவனுடைய பசியை வர்ணிக்கவில்லை. ஈந்தவன் தற்பெருமை பேசினால் அவன் புண்ணியந்தான் குறையும். ஏற்றவனுடைய கண்ணீரைப் படம்பிடித்து ஊரெங்கும் காட்டினால் குறைவது எவருடையது?

சுற்றுச்சூழலுக்கென்று நிதி வழங்கும் ஸ்தாபனங்கள், அவற்றுள்ளும் சமநீதியைத் தம் இலட்சியமாகக் கொண்டவை, செய்தித் தொடர்புக்கென்றே தனி அலுவலரை வைத்திருக்கின்றன. மலையிலே நேர்வதைத் தொலைநகரத்துக் கொடையாளருக்கு எடுத்துச் சொல்வது அவர் உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்குரிய தர்மம் யாது?

பசறையைப் போலவே பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தது கொஸ்லாந்தை. அதனருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அன்று மாலைக்குள் அச்செய்தி உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. ஆனால் அந்தச் சரிவு அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்ததே, அந்தச் செய்தி ஒன்பது ஆண்டுகளாகியும் அங்கிருந்தோருக்கு மாற்று நிலமாக மாறவில்லை. துயரச் செய்திக்கு இருந்த வேகம் அபாயச் செய்திக்கு வாய்க்காமற் போனதன் காரணம், முன்னதைக் கேட்பவனுக்கு இரக்கம் மட்டுமே தேவைப்பட, பின்னதைக் கேட்பவன் காணியும் பணமும் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே. மாண்டவர் தொகையும் முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டுப் பின்னர் பத்துக்கணக்கில் இறங்கியது. உயிரோடிருந்தபோது சரியாக எண்ணப்படாதவர்களை மண்ணுக்கடியில் எப்படி எண்ணுவது?

இவ்விடத்தில்தான் கருணையையும் நீதியையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. நமுனுகுல மலையைச் சூழ்ந்த காடுகளை அழித்துக் கோப்பியிட்டதும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையைப் பரப்பியதும், லயத்தை எந்தச் சரிவில் கட்டுவது என்று தீர்மானித்ததும் கொழுந்து பறித்தவள் அல்லள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் தன் குறையைச் சொல்லும் வாக்குரிமையையும் இழந்தவர்களின் வாரிசு அவள். பிறர் ஆதாயத்துக்காகக் கலைக்கப்பட்ட மண் அவள் தலையில் விழும்போது, அதற்காக அனுப்பப்படும் பணத்தைத் தானம் என்று எழுதுவது வாய்மையாகுமா? என் புத்திக்கு அது கடன் தீர்ப்பதாகவே படுகிறது. கடன்காரன் பணத்தைத் திருப்பும்போது, கொடுத்தவளை அழச் சொல்லிப் படம் எடுப்பதில்லை.

படம் இல்லாவிட்டால் பணம் வராதே என்பார்கள். அது முழுப் பொய்யன்று. மனித மனம் முகத்தைக் கண்டே இளகுகிறது. வள்ளுவரும் இரத்தலுக்கு ஓர் அதிகாரமும் இரவச்சத்துக்கு ஓர் அதிகாரமும் வைத்தாரன்றோ? கேட்க நேர்வதும், கேட்பதற்குக் கூசுவதும் ஒரே மனிதரிடம் இருப்பவை. தேயிலைப் பெட்டியின்மேல் கொழுந்து பறிப்பவள் சிரிக்கிறாள், நிவாரண வேண்டுகோளின்மேல் அழுகிறாள். இரண்டிலும் பேசுவது வேறொருவர். 1996இல் நியூ மெக்சிக்கோவின் ஹெமெஸ் என்னும் ஊரில் கூடிய சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தார் வகுத்த ஆறு நெறிகளுள், பாதிக்கப்பட்ட மக்கள் தமக்காகத் தாமே பேச வேண்டும் என்பதும் ஒன்று. மலையகத்துக்கு இது புதுமையன்று. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் நிலையைப் பாட்டாகக் கட்டித் தோட்ட மக்கள் நடுவிலேயே பாடினார். அனுதாபம் வேண்டி அந்நியரிடம் பாடியதைக் காட்டிலும், தம்மவரிடம் உரிமையை உணர்த்திப் பாடியதே அவர் பெருமை.

ஆகவே செய்தி அலுவலர் மலையிலிருந்து மேலே கொண்டுபோவதைவிட, மேலிருந்து மலைக்குக் கொண்டுவருவதைப் பற்றியே முதலில் கேட்கப்பட வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் இடம்பெயர்வு என்ற மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கு லயத்தில் இருப்பவளுக்குத் தமிழில் தெரியுமா? வெளியேறச் சொன்னால் எங்கே போவது, அன்றைய வேலைக்குப் பேர் போடாவிட்டால் சம்பளம் என்னாகும் என்பதற்கு யார் விடை வைத்திருக்கிறார்கள்? மீரியபெத்தைக் குடும்பங்களுக்காகப் பூனாகலைப் பக்கம் கட்டிய 75 வீடுகள் 2016 அக்டோபரில்தான் கையளிக்கப்பட்டன. அந்த இரண்டு ஆண்டுக் காத்திருப்பைக் கொடையாளருக்கு எழுதும் அறிக்கையில், அழும் முகம் எதையும் சேர்க்காமல், நாள் நாளாகக் கணக்கெழுதும் துணிவு எந்த ஸ்தாபனத்துக்கு உண்டோ, அதனிடம் பசறைக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் நம்பிக் கொடுக்கலாம்.